போனது வலியா, கல்லா?

“தம்பி, டீ குடிச்சா கல்லு வரும்னு சொல்றாங்களே, நெசமா?”

ஒண்டிக்கடை ரவுண்டானா ஓரத்து டீக்கடையில் இரண்டாவது கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே மேஸ்திரி அண்ணன் கேட்டார். காபித் தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். சுற்றிலும் காபி விளைகிற ஏற்காட்டில் டீக்குத்தான் எப்போதும் கூட்டம். போன வாரம் அவருக்கு இடது விலாவில் வலி கண்டு, ராத்திரி முழுக்கப் புரண்டிருக்கிறார். காலையில் சேலம் இறங்கி ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு, மாத்திரையோடு மலையேறியிருக்கிறார். மறுநாளே வலி நின்றுவிட்டது. “கல்லு போயிருச்சு தம்பி” என்றார்.

“கல் விழுந்ததைப் பார்த்தீங்களாண்ணே?”

“இல்ல.”

“மறுபடியும் ஸ்கேன் எடுத்தீங்களா?”

“வலியே இல்லையே, எதுக்கு?”

டீயைப் பற்றிய கேள்விக்குப் பிறகு வருவோம். இந்த “எதுக்கு?” என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். சிறுநீரகம் சம்பந்தப்பட்ட கோளாறுகளில் நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான். வலி வந்தால் நோய், வலி போனால் குணம் என்று பழகிவிட்டோம். மூட்டுவலிக்கும் பல்வலிக்கும்கூட இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. சிறுநீரகத்தில் இதை நம்பினால் ஒரு சிறுநீரகமே போய்விடும்.

வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளின் மறைவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஒன்றரை லிட்டர்போக மீதியை அப்படியே ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இவ்வளவு வேலை நடக்கும் அந்தச் சதைக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும், சிறுநீர் இறங்கும் குழாய்க்கும்தான் வலி தெரியும். உள்ளே நீர் தேங்கி உறை இழுபட்டால் வலிக்கும். அடைப்பைத் தள்ளிவிடக் குழாய் முறுக்கிச் சுருங்கினால் வலிக்கும். ஆக, வலி அழுத்தத்தின் செய்தி. வடிகட்டும் சதை கெடுவதற்குத் தனியாக ஒரு வலி கிடையாது.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்கு யூரேட்டர் என்று பெயர். 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்துவாரம் 3, 4 மி.மீ. இருந்தால் அதிகம். சிறுநீரகம், யூரேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் மருத்துவர்கள் மேல் சிறுநீர்ப் பாதை என்கிறார்கள். இந்தக் குழாய் மூன்று இடங்களில் குறுகுகிறது: சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்புக்குள் இறங்கும்போது பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். நீளமான லாரி நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டு பின்னால் வரும் வண்டிகளை எல்லாம் நிறுத்துவதுபோல, கல்லும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டும்.

எங்கே மாட்டியிருக்கிறது என்பதை வலியே ஓரளவு சொல்லிவிடும். மேலே மாட்டினால் விலாவுக்குக் கீழே முதுகில் வலிக்கும். நடுவில் என்றால் அடிவயிற்றுக்கு இறங்கும். வலது பக்கமாக இருந்தால் குடல்வால் அழற்சியோ என்று குழப்பும். சிறுநீர்ப்பை வாசலுக்கு வந்துவிட்டால் கவட்டைக்கும், ஆண்களுக்கு விதைப்பைக்கும் வலி ஓடும். நிமிடத்துக்கு ஒருமுறை மூத்திரம் முட்டும், போனால் சொட்டுத்தான் வரும். சுமை தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகுவலிக்காரர் அசையாமல் படுத்தால் சுகம் காண்பார். கல்வலிக்காரரால் ஒரு நிலையில் இருக்க முடியாது. எழுவார், உட்காருவார், தரையில் புரள்வார். அனுபவமுள்ள நர்ஸ் ஆள் உள்ளே வருகிற விதத்திலேயே பாதி முடிவு கட்டிவிடுவார்.

மீதிப் பாதிக்குச் சோதனை வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்குத் திடீரென அடிவயிற்று வலி என்றால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இப்படியொரு வலி வந்தால், வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசிகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். “கல்லாத்தான் இருக்கும்” என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லி வலி ஊசி போட்டுக்கொள்வது இந்த இரண்டு இடத்திலும் உயிருக்கு ஆபத்து.

மேஸ்திரி அண்ணன் மஞ்சள் பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லா ஊரிலும் இந்தத் தாள் ஒரே மாதிரிதான் இருக்கும். படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் வரியில் சிறுநீரகத்தின் அளவு: வலது 10.2 செ.மீ., இடது 10.6 செ.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு என்பது நல்ல செய்தி. ஒன்று எட்டு, ஒன்று பதினொன்று என்று வந்தால் சின்னது ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது என்று சந்தேகம் வரும். அடுத்தது ‘சி.எம்.டி. பேணப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி. சிறுநீரகத்தின் வெளிப்பட்டையும் உட்பகுதியும் தனித்தனியே தெரிகின்றன என்று அர்த்தம். நாள்பட்ட சிறுநீரக நோயில் இந்த வேறுபாடு மங்கி, சிறுநீரகம் வெள்ளையாகவும் சிறிதாகவும் தெரியும். நம் ஆட்கள் இந்த வரியைத் தாண்டிப்போய்க் கல்லின் அளவை மட்டும் தேடுவார்கள். கல்லைவிட இந்த வரிதான் முக்கியம்.

அதற்குக் கீழே: இடது யூரேட்டரின் அடிமுனையில் 6 மி.மீ. கல், லேசான ஹைட்ரோநெப்ரோசிஸ். சிறுநீர் இறங்க வழியில்லாமல் மேலே தேங்கிச் சிறுநீரகத்தின் உட்பை விரிந்திருப்பதைத்தான் ஹைட்ரோநெப்ரோசிஸ் என்கிறார்கள். ஊரில் இதை “கிட்னி வீக்கம்” என்பார்கள். லேசு, மிதம், கடுமை என்று தரம் பிரிப்பார்கள். அல்ட்ராசவுண்ட் இந்த வீக்கத்தை நன்றாகக் காட்டும். கல்லைக் காட்டுவதில்தான் தடுமாறும். யூரேட்டரின் நடுப்பகுதி குடல்வாயுவுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் அங்கிருக்கும் கல் கண்ணில் படாமல் போகலாம். அப்போது மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்கூட அதில் தெரியும். கர்ப்பிணிகளுக்குக் கதிர்வீச்சு ஆகாது என்பதால் அவர்களுக்கு அல்ட்ராசவுண்டோடுதான் சமாளிப்பார்கள்.

ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து “1.0, நார்மல்” என்று எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் அண்ணன் தைரியமாக இருந்தார். ஒரு பக்கம் முழுக்க அடைத்திருந்தாலும் மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் கிரியாட்டினின் ஏறாது. அந்த எண் இரண்டின் கூட்டுக்கணக்கு. தனித்தனிக் கணக்கை அது சொல்லாது. இன்னொன்றும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஒல்லியான பாட்டிக்கு 1.2 என்றால் வேலைத்திறன் பாதியாகக் குறைந்திருக்கலாம். உடம்பு முறுக்கேறிய சுமைதூக்கிக்கு அதே 1.2 இயல்பாக இருக்கலாம். அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணை மருத்துவர்கள் கேட்கிறார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், நரம்பு வழியாக மிகக் குறைந்த அளவு கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ரீனோகிராம் சோதனை இருக்கிறது.

இப்போது அந்த “எதுக்கு?” என்ற கேள்விக்கு வருவோம். வலி நிற்க மூன்று காரணம் இருக்கலாம். கல் சிறுநீர்ப்பைக்குள் விழுந்திருக்கலாம். அது நல்ல காரணம். கல் அங்கேயே இருந்து, ஓரமாகச் சிறுநீர் கசிய வழி கிடைத்து அழுத்தம் குறைந்திருக்கலாம், அது நடுத்தரம். மூன்றாவதுதான் மோசம். அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், வடிப்பதும் குறையும், அழுத்தம் தணியும், வலியும் அடங்கிவிடும். அதாவது, வேலையை விட்டுவிட்டதால் வந்த நிம்மதி அது. முழு அடைப்பு சில வாரங்கள் நீடித்தால் போன வேலைத்திறன் முழுதாகத் திரும்பாது. மாதக்கணக்கில் விட்டால் உள்ளே சதை தேய்ந்து வெறும் நீர்ப்பை மிஞ்சும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது “உங்களுக்கு இந்தப் பக்கம் கிட்னி வேலை செய்யலை, எப்ப இருந்து?” என்று கேட்டு அதிர்ச்சி தருவது பெரும்பாலும் இந்த வகைதான். வலி வந்து நின்ற ஒவ்வொருவரும் மறு ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்பது இதனால்தான்.

கல்லடைப்புக்கு வைத்தியம் கல்லின் அளவையும் இடத்தையும் பொறுத்தது. 5 மி.மீ.க்குக் குறைந்தவை மூன்றில் இரண்டு தானாக இறங்கிவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் ஏறக்குறைய பாதிதான் இறங்கும். காய்ச்சல் இல்லை, வலி அடங்குகிறது, மறுபக்கம் நன்றாக இருக்கிறது என்றால் நான்கு வாரம்வரை காத்திருக்கலாம். இடையில் ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயின் அடிப்பகுதியைத் தளர்த்த டாம்சுலோசின் கொடுப்பார்கள். ஆண்களின் புராஸ்டேட் தொல்லைக்கு வந்த மருந்து அது. முதல் சில நாள் எழுந்திருக்கும்போது கிறுகிறுக்கும். சரிவில் நின்று வேலை செய்கிறவர்கள் ராத்திரி படுக்கும் முன் போட்டுக்கொள்வது நல்லது. இந்த நாட்களில் சிறுநீரை ஒரு பழைய டீ வடிகட்டியில் பிடிக்கச் சொல்கிறேன். கல் கிடைத்தால் கல் போனதற்கு அத்தாட்சி. அதைச் சோதனைக்குக் கொடுத்தால் என்ன வகைக் கல் என்றும் தெரியும். பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். யூரிக் அமிலக் கல் என்று வந்தால் அதை மாத்திரையாலேயே கரைக்க முடியும். கரைகிற பெரிய கல் அது ஒன்றுதான்.

இறங்காத கல்லை எடுக்க இன்று நான்கு வழி இருக்கிறது. சுசுருதர் காலத்திலிருந்தே கல்லை அறுத்தெடுக்கும் முறை நம் நாட்டில் எழுதிவைக்கப்பட்டிருந்தாலும் அது சிறுநீர்ப்பைக் கல்லுக்கு மட்டும். மேல் பாதைக்குக் கத்தி போனால் விலாவிலிருந்து வயிறுவரை கிழித்தாக வேண்டும் என்ற நிலை 1970கள்வரை நீடித்தது. 1976இல் சுவீடனில் பெர்ன்ஸ்ட்ரோம், யொஹான்சன் இருவரும் முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகத்துக்குள் நுழைந்து கல்லை எடுத்த முறையை வெளியிட்டார்கள். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு இன்றும் அதுதான் முதல் வழி. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி, வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்தி ஒரு நோயாளியின் கல்லை உடைத்தார். அந்தக் கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். வேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் என்ன ஆகிறது என்று ஆராயப் போனவர்கள், அதே அதிர்வைக் கல்லின் மேல் திருப்பினார்கள். மூன்றாவது, சிறுநீர் வழியாகவே மெல்லிய குழாயை மேலே செலுத்தி லேசரால் கல்லைப் பொடியாக்குவது. நான்காவது, வளையும் குழாயை யூரேட்டரையும் தாண்டிச் சிறுநீரகத்துக்குள்ளேயே கொண்டுபோவது. கடைசி இரண்டிலும் உடம்பில் கீறலே கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் இந்தச் சிகிச்சைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

இவற்றில் பலவற்றுக்குப் பிறகு உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள். இரு நுனியும் சுருண்டு ‘ஜே’ எழுத்துபோல் இருப்பதால் டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் காக்க அது தேவை. அது இருக்கும்வரை அடிக்கடி மூத்திரம் வரும், சிவந்து போகும், விலாவில் இழுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது மறதிக்கு. சில வாரங்களில், மிஞ்சிப்போனால் மூன்று மாதத்துக்குள், அதை எடுத்தாக வேண்டும். தொந்தரவு பழகிப்போய், காபிப்பழ சீசன் வந்து, கீழே போகச் சோம்பி அப்படியே விட்டவர்களுக்கு ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து இறுகிவிடும். பிறகு அதை எடுக்க முதல் ஆபரேஷனைவிடப் பெரிய ஆபரேஷன் வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட் வைத்த தேதிக்குப் பக்கத்திலேயே எடுக்க வேண்டிய தேதியையும் எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

காத்திருப்பது, மாத்திரை, மறு ஸ்கேன் எல்லாம் காய்ச்சல் இல்லாதவருக்குச் சொன்னவை. அடைப்பு இருக்கும் பக்கத்தில் கிருமியும் சேர்ந்தால் கதை முழுக்க மாறிவிடும். வடிய வழியில்லாத இடத்தில் தேங்கிய நீர் சீழாகும். அங்கே ஆன்டிபயாட்டிக் போதிய அளவு போய்ச் சேராது. கிருமி ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். விலாவலியோடு உடம்பு தூக்கிப்போடுகிற குளிர்காய்ச்சல் வந்தால், அதற்கு வைத்தியம் வழி திறப்பதுதான்: கீழிருந்து ஸ்டென்ட் போட்டோ, முதுகு வழியாக ஊசிக்குழாய் விட்டோ தேங்கியதை வெளியேற்ற வேண்டும். கல்லை அன்று தொடமாட்டார்கள். கிருமி அடங்கிய பிறகுதான் எடுப்பார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கணக்கு அதிகம். சேலம் சுமார் 30 கி.மீ., இருபது கொண்டை ஊசி வளைவு. நாகலூர், மஞ்சக்குட்டை தாண்டி உள்ளே இருக்கும் ஊர் என்றால் ஏற்காடு வந்து சேரவே நேரமாகும். “காலையில பாத்துக்கலாம்” என்பது இந்த ஒரு நிலைமைக்கு ஒத்துவராது.

அடைப்பே இல்லாமலும் சிறுநீரகத்தில் கிருமி தொற்றலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அதிகம். நீர்க்கடுப்பில் தொடங்கி, காய்ச்சல், வாந்தி, விலாவலி என்று மேலேறும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் சிறுநீர் கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் எது என்று தெரியாமலே போகும். சிறுநீரில் சீழ்ச்செல் நிறைய, ஆனால் கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் நம் நாட்டில் காசநோயைத் தேட வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாமல் சிறுநீர் சிவந்து, மறுநாள் தெளிந்துவிட்டால் “சூட்டுல வந்தது” என்று இளநீர் குடித்துவிட்டு விடாதீர்கள். பீடி, சிகரெட் பழக்கமுள்ள நடுவயதுக்காரருக்கு அது சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் முழுச் சோதனை வேண்டும்.

வடிகட்டும் சதைக்கு வலி தெரியாது என்றேன். அதன் முழு விளைவை நாள்பட்ட சிறுநீரக நோயில் பார்க்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அரித்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆள் வருவதற்குள் பெரும்பகுதி போயிருக்கும். இதை முன்பே பிடிக்க வழி மிகச் சாதாரணமானது. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990களில் சென்னைக்கு அருகே கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. கொஞ்சம் சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டுவார்கள். புரதம் இருந்தால் தெளிந்த நீர் பால்போல் கலங்கும். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கிச் சர்க்கரை பார்ப்பார்கள். கையில் பிரஷர் பார்ப்பார்கள். அதிகம் இருப்பவர்களுக்கு விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்துக் கட்டுக்குள் வைத்தார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே வேலையை ஒரு காகிதக் குச்சி செய்கிறது. சிறுநீரில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால், புரதம் இருந்தால் மஞ்சள் கட்டம் பச்சைக்கு மாறும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தின் அடிப்படை இந்தக் குச்சிதான்.

சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவர்களுக்கும் இந்த நாள்பட்ட நோய் வருகிறது என்பது சமீபத்தில் தெரியவந்த செய்தி. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரை அரசு சிறுநீரக மருத்துவர்கள் சோதித்தார்கள். முதல் சோதனையில் சுமார் 17 சதவீதம் பேருக்குக் கோளாறு தெரிந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்ததில் 5.31 சதவீதம் பேருக்கு அது நிலைத்திருந்தது. நாள்பட்ட நோய் என்று சொல்ல மூன்று மாத இடைவெளியில் இரண்டு சோதனை வேண்டும் என்பது ஏன் என்று இதிலேயே விளங்கும். நோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் வேர்த்து, போதிய தண்ணீர் இல்லாமல் உழைப்பதன் மேல்தான் சந்தேகம் வலுக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றில் செய்த ஆய்விலும், கல் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சூட்டில் நின்று வேலை செய்கிறவர்கள். உடம்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சேர்ந்தால் நீரிழந்த சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. கல்வலிக்கு மருத்துவர் போடும் ஒரு ஊசி வேறு. தினம் வேலை முடிந்து போடும் மாத்திரை வேறு.

நோய் முற்றிவிட்டால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் மலையிறங்கி ரத்த டயாலிசிஸ் செய்துகொள்வது கூலிவேலைக் குடும்பத்தை உடைத்துவிடும். வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான நீர்ப்பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மலைவாசிகள் மருத்துவரிடம் இதைப் பற்றி வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

டீக்கு வருவோம். டீயில் ஆக்சலேட் இருப்பது உண்மை. நாம் குடிப்பது பால் டீ. பாலில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். அமெரிக்காவில் செவிலியர்களையும் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஆண்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், காபியும் டீயும் குடிப்பவர்களுக்குக் கல் குறைவாகத்தான் வந்தது. பால், தயிரை நிறுத்தச் சொல்வதும் தவறான யோசனை. இத்தாலியின் பார்மாவில் போர்கி என்ற மருத்துவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அளவு கால்சியம் சாப்பிட்டு உப்பையும் மாமிசத்தையும் குறைத்தவர்களுக்கு, கால்சியத்தைக் குறைத்தவர்களைவிடக் கல் திரும்ப வருவது பாதியாக இருந்தது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றில்தான் கை வைக்க வேண்டும். தக்காளி விதையால் கல் வராது. சுற்றுலா வருகிறவர்கள் பீர் குடித்துக் கல்லைத் தள்ளலாம் என்கிறார்கள். பீர் யூரிக் அமிலத்தைக் கூட்டுவதுதான் மிச்சம்.

வாழைத்தண்டுச் சாறும், பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே பூளைப்பூவில் போடும் சிறுபீளைக் கஷாயமும் இங்கே எல்லா வீட்டிலும் கைமருந்து. சின்னக் கல்லுக்கு அவற்றோடு உள்ளே போகும் தண்ணீர் உதவும். ஒரு சென்டிமீட்டர் கால்சியம் கல்லை அவை கரைத்ததற்கு மனிதர்களில் நம்பகமான சான்று இல்லை. கஷாயம் குடித்துக்கொண்டு அடைப்போடு மூன்று மாதம் ஓட்டுவதில்தான் ஆபத்து. தண்ணீருக்கு மட்டும் கறாரான சான்று உண்டு. அதே போர்கி 1996இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் கூட்டியவர்களில் ஐந்தாண்டில் 12 சதவீதம் பேருக்கும் கூட்டாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியது. குடிக்கும் அளவை எண்ணுவதைவிட வெளியேறும் அளவைப் பாருங்கள்: நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர், வெளிர் நிறத்தில். மலைக் குளிரில் தாகம் எடுக்காது என்பதால் நினைவு வைத்துக் குடிக்க வேண்டும். காபிப்பழம் பறிக்கும் பெண்கள் ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் “நிறையத் தண்ணி குடிங்க” என்று அறிவுரை சொல்வதற்கு முன் தோட்டத்தில் ஒரு கழிப்பறை கட்டிக்கொடுப்பதுதான் நியாயம். அது தோட்ட முதலாளிகளின் பொறுப்பு.

மேஸ்திரி அண்ணனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கல்வலி வந்து நின்றவர்கள் நான்கு வாரத்துக்குள் மறு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்திருப்பவர்கள் எடுக்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் வெயிலில் உழைப்பவர்களும் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ளுங்கள். விலாவலியோடு குளிர்காய்ச்சல் என்றால், ராத்திரி எத்தனை மணியானாலும் 108ஐக் கூப்பிட்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு இறங்கிவிடுங்கள்.